சுறாப்புட்டு, அப்பாயி, பாதரசம்

கேள்வி: மேடம், எங்களுக்கு திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். என் பொண்ணு முழுகாம இருக்கா, அஞ்சாம் மாசம், இப்ப எங்க வீட்லதான் இருக்கா. மாப்பிள்ளை பெங்களூர்ல வேலை பாக்குறார். ஏதோ வீடியோ பாத்துட்டு மீன்ல எல்லாம் பாதரசம் இருக்கு, குழந்தை மூளைக்கு ஆகாது, இனிமே மீனே குடுக்காதீங்கன்னு கண்டிஷனா சொல்லிட்டார். எங்க மாமியாருக்கு எண்பது வயசாகுது, அவங்களோ பிள்ளை பொறந்ததும் பால்சுறா புட்டு தினமும் குடுத்தே ஆகணும், நான் பெத்த அஞ்சும் அப்படித்தான் வளந்துச்சுன்னு சண்டைக்கு நிக்கிறாங்க. யார் சொல்றதை கேக்குறது? மஞ்சத்தூள் போட்டு அலசினா பாதரசம் போயிடுமா? நாங்க பாமணியாத்து மீனும் சாப்பிடுவோம், கடல் மீனும் வாங்குவோம், எதை விடணும்? சின்ன வயசுல நான் உடைஞ்ச தெர்மாமீட்டர் ரசத்தை உள்ளங்கையில வெச்சு உருட்டி விளையாடி இருக்கேன், அது என் பொண்ணு உடம்புல இறங்கி இருக்குமான்னும் பயமா இருக்கு.

பதில்:

வணக்கம் அக்கா. நீங்க எனக்கு மூத்தவங்களாத்தான் இருப்பீங்க போல, அதனால அக்கான்னே கூப்பிடுறேன். முதல்ல தீர்ப்பை சொல்லிடுறேன், அப்புறமா கதைக்கு போவோம், ஏன்னா வீட்ல ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போது நான் பாட்டுக்கு கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தா நல்லா இருக்காது. மாப்பிள்ளை சொல்றதுல பாதி சரி, உங்க மாமியார், அதாவது பொண்ணோட அப்பாயி, சொல்றதுலயும் பாதி சரி. மீனை நிறுத்தாதீங்க. சுறா மாதிரி பெரிய மீனை மட்டும் நிறுத்துங்க, அதையும் பிள்ளை பொறந்ததுக்கு அப்புறம்னு இல்லை, இன்னைக்கே.

மாப்பிள்ளை பாத்த வீடியோவை நான் பாக்கலை, ஆனா இந்த மாதிரி வீடியோ எல்லாத்துலயும் ஒரே தப்புதான் இருக்கும், "மீன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நெத்திலியும் மீன்தான், ஆளை விட நீளமான சுறாவும் மீன்தான், ஆனா பாதரச கணக்குல ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு. ஏன் அப்படின்னு புரிஞ்சுட்டா மார்க்கெட்ல எந்த மீனை பாத்தாலும் நீங்களே முடிவு பண்ணிடுவீங்க, என்னை கேக்கவே வேணாம்.

நீங்க உள்ளங்கையில உருட்டினது உலோக பாதரசம். அது முழுங்கினா கூட பெரும்பாலும் குடல்ல ஒட்டாம வெளிய போயிடும், ஆவியா மூச்சுல போனாத்தான் கெடுதல். மீன்ல இருக்குறது அது இல்லை, மெத்தில் மெர்குரின்னு வேற ஒரு உருவம். இது சாப்பாட்டோட போனா கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துல ஏறிடும், உடம்புல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு ஏதோ சத்துப்பொருள் மாதிரி வேஷம் போட்டு மூளைக்குள்ளயும் போகும், நஞ்சுக்கொடியை தாண்டி குழந்தைகிட்டயும் போகும். தாய் ரத்தத்துல இருக்குறதை விட தொப்புள்கொடி ரத்தத்துல ஒண்ணரை மடங்குக்கு மேல இருக்குன்னு பல நாட்டு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. மாப்பிள்ளை பயப்படுறது இதுக்குத்தான், அந்த பயம் நியாயமானது.

சரி, இது கடலுக்கு எப்படி போச்சு? உலக அளவுல பாத்தா மனுஷன் காத்துல விடுற பாதரசத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல சின்ன சின்ன தங்கச் சுரங்கத்துல இருந்து வருது, மண்ணுல இருக்குற தங்கத்தூளை பாதரசத்தோட சேத்து பிடிச்சு அப்புறம் சூடு பண்ணி ஆவியாக்குவாங்க. அதுக்கு அடுத்த இடம் நிலக்கரி. நிலக்கரிக்குள்ள துளியூண்டு பாதரசம் இயற்கையாவே இருக்கு, ஆனா டன் டன்னா எரிக்கிறப்ப அந்த துளியூண்டு துளியூண்டா இருக்காது. நமக்கு மேக்கால மேட்டூர்ல அனல் மின் நிலையம், வடக்கால நெய்வேலி. மெர்குரி ஆவியா போனா மாசக்கணக்குல காத்துல சுத்தும், எங்க வேணா மழையோட இறங்கும், அதனால நம்ம ஊர் வயல்ல விழுறது நெய்வேலி புகையா சீனா புகையான்னு பாத்து சொல்ல முடியாது. அனல் நிலைய புகைபோக்கிக்கு பாதரச லிமிட்டுன்னு ஒண்ணு நம்ம நாட்டுல 2015 டிசம்பர்லதான் வந்துச்சு, ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம். ரொம்ப லேட்டுதான்.

விழுற பாதரசம் அப்படியே இருந்தா பிரச்சனை இவ்வளவு இல்லை. சேத்துக்குள்ள போய்த்தான் அது உருவம் மாறுது. முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுப் பக்கம் போய் இருப்பீங்க, படகுல இருந்து இறங்கி கால் வெச்சா முழங்கால் வரை புதைஞ்சு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்ல, அது காத்து புகாத சேத்துல வாழுற ஒரு வகை பாக்டீரியாவோட வேலை, ஆக்சிஜனுக்கு பதிலா சல்ஃபேட்டை வெச்சு பொழைப்பு ஓட்டுறதுங்க. இதே கூட்டத்து பாக்டீரியாதான் சாதா பாதரசத்தை மெத்தில் மெர்குரியா மாத்துறதும். முத்துப்பேட்டை சேத்துல பாதரசம் நெறஞ்சு கிடக்குன்னு நான் சொல்லலை, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த வேலை நடக்குறது எந்த மாதிரி இடத்துலன்னு காட்டத்தான் சொன்னேன். 1960கள் வரைக்கும் விஞ்ஞானிங்களே ஏரி அடியில போன பாதரசம் அங்கயே கல்லு மாதிரி கிடக்கும்னுதான் நெனச்சிருந்தாங்க. 1969ல ஸ்வீடன்ல யென்சன், யெர்னலோவ்னு ரெண்டு பேர், அடி சேத்துல இருக்குற உயிர்களே அதை மெத்தில் மெர்குரியா மாத்துதுன்னு காட்டினாங்க. எந்த ஜீன் அந்த வேலையை செய்யுதுன்னு கண்டுபிடிக்க அதுக்கப்புறம் இன்னும் நாப்பத்தி நாலு வருஷம் ஆச்சு, 2013ல அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் லேப்காரங்க ஜோடி ஜீன் ஒண்ணை அடையாளம் காட்டினாங்க, அந்த ரெண்டுல எது இல்லைன்னாலும் பாக்டீரியாவால மெத்தில் மெர்குரி பண்ண முடியலை.

இனிமேதான் முக்கியமான விஷயம். நம்ம காவிரி தண்ணி எப்படி வரும்? மேட்டூர்ல திறக்குறப்ப கரை புரள வரும், கல்லணையில பிரியும், வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறுன்னு ஒவ்வொரு மடையிலயும் ஆளாளுக்கு எடுத்துக்க, கடைமடைக்கு வர்றப்ப வாய்க்கால்ல கணுக்கால் நனையாது. மெர்குரி இதுக்கு நேர் எதிர். தலைமடையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஒவ்வொரு மடைக்கும் கூடிக்கிட்டே போய் கடைமடையில வெள்ளமா நிக்கும். தண்ணியில இருக்குற அளவு டெஸ்ட்ல புடிக்கிறதே கஷ்டம், அவ்வளவு கம்மி. தண்ணியில மிதக்குற கண்ணுக்கு தெரியாத பாசி அதை உறிஞ்சும்போதே பத்தாயிரம் மடங்கு, சில இடத்துல லட்சம் மடங்கு ஏறிடும், ஏணியில பெரிய படியே இந்த முதல் படிதான். பாசியை தின்னுற கூனி, கூனியை தின்னுற நெத்திலி, நெத்திலியை தின்னுற வஞ்சிரம், அதையும் தின்னுற சுறா. ஒவ்வொண்ணும் தின்ன பாதரசத்துல கொஞ்சம்தான் வெளிய விடுது, மிச்சத்தை சதையில வெச்சுக்குது, வாழ்நாள் பூரா. கந்துவட்டி மாதிரி அசலை விட வட்டி பெருசாயிடும். அதனால ஒரு மீனை பாத்தா நீங்க கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி, இது எதை தின்னுது, இதுக்கு என்ன வயசு இருக்கும். பாசி தின்னி, ஒரு வருஷத்து மீன்னா கவலையே படாதீங்க. மீன் தின்னி, பல வருஷத்து மீன்னா யோசிங்க.

அமெரிக்காவுல வருஷக்கணக்கா மார்க்கெட் மீனை எல்லாம் டெஸ்ட் பண்ணி சராசரி போட்டு வெச்சிருக்காங்க, நம்ம கடல் கணக்கு இல்லை, ஆனா எந்த மீன் எந்த படியில நிக்குதுன்னு பாக்க போதும். மத்தி வகையறா ஒரு கிலோவுக்கு 0.013 மில்லிகிராம். நெத்திலி வகையும் கிட்டத்தட்ட அதேதான். ஜிலேபி மீன் 0.013. இறால் 0.009. சுறா 0.979. மத்திக்கும் சுறாவுக்கும் 75 மடங்கு. இதைத்தான் மேல மலைக்கும் மடுவுக்கும்னு சொன்னேன்.

இதை சாப்பாட்டு கணக்கா மாத்துவோம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பான எஃப்ஏஓவும் சேந்து வெச்சிருக்குற நிபுணர் குழு 2003ல ஒரு அளவு சொல்லிச்சு, ஒரு கிலோ உடம்பு எடைக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் மெர்குரி (ஆயிரம் மைக்ரோகிராம் சேந்தா ஒரு மில்லிகிராம்), வயித்துல இருக்குற குழந்தையை மனசுல வெச்சு போட்ட அளவு அது. உங்க பொண்ணு 60 கிலோன்னு வெச்சுக்குவோம், வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்க சராசரிப்படி மத்தியில இதை தொடணும்னா வாரத்துக்கு ஏழு கிலோ மத்தி தின்னணும், எந்த புள்ளத்தாச்சியாலயும் முடியாது. சுறாவுல தொடணும்னா நூறு கிராமே போதும், ஒரு கைப்பிடி புட்டு. அப்பாயி சொல்ற மாதிரி தினமும் 150 கிராம்னு ஒரு வாரம் குடுத்தா ஆயிரம் மைக்ரோகிராம் தாண்டிடும், பத்து மடங்கு. நீங்க கேப்பீங்க, பால்சுறா சின்னதுதானே, அமெரிக்காக்காரன் பிடிக்கிற ராட்சச சுறாவா அதுன்னு. நல்ல கேள்வி. பால்சுறா சின்ன சாதிதான், பெரிய சுறாவை விட கம்மியா இருக்கத்தான் வாய்ப்பு. ஒரு பேச்சுக்கு நாலுல ஒரு பங்குதான் இருக்குன்னு வெச்சாலும் தினமும் குடுத்தா ரெண்டரை மடங்கு தாண்டுது. அதுவும் போக மார்க்கெட்ல பால்சுறான்னு விக்கிறதெல்லாம் பால்சுறா இல்லை, பெரிய சுறாவோட குட்டியும் வரும், பெரிய சுறாவை துண்டு போட்டும் விப்பாங்க, தோல் உரிச்ச துண்டை பாத்து என்னால கூட சொல்ல முடியாது. ஒரு விஷயம், இந்த லிமிட் விளிம்பு மாதிரி இல்லை, தாண்டின உடனே பள்ளத்துல விழுந்துட மாட்டாங்க. ரொம்ப நாள் சராசரியை வெச்சு போட்டது, கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளியும் விட்டிருக்காங்க. இது வரைக்கும் பொண்ணு நாலஞ்சு தடவை சுறா சாப்பிட்டிருந்தா அதை நெனச்சு அழுதுக்கிட்டு உக்காராதீங்க.

அப்பாயிகிட்ட சொல்ல ஒரு கதை வேணும்ல, மினமாட்டா கதையை சொல்லுங்க. ஜப்பான்ல கடலோரத்து மீனவர் ஊர். அங்க சிஸ்ஸோன்னு ஒரு கெமிக்கல் ஆலை பாதரச கழிவை வளைகுடாவுல விட்டுக்கிட்டே இருந்துச்சு. முதல்ல பூனைங்க ஆட ஆரம்பிச்சது, கால் பின்னிக்கிட்டு சுத்தி சுத்தி ஆடி கடல்ல விழுந்து செத்துச்சு, ஏன்னா பூனைக்கு மீன் தவிர வேற சாப்பாடு கிடையாது. அப்புறம் மனுஷங்க. கை கால் மரத்துப்போறது, பக்கத்துல இருக்குறது கண்ணுக்கு தெரியாம குழாய் வழியா பாக்குற மாதிரி ஆகுறது, பேச்சு குழறுறது. 1956 மே 1ம் தேதி ஆலையோட ஆஸ்பத்திரி டாக்டர் ஹோசோகாவா இது ஏதோ புது வியாதின்னு சுகாதார ஆபீசுக்கு தகவல் குடுத்தார். 1959ல அவரே ஆலைக் கழிவை பூனை சாப்பாட்டுல கலந்து குடுத்து பாத்தார், 400ம் நம்பர் பூனை அதே மாதிரி ஆட ஆரம்பிச்சது, ஆலை அந்த முடிவை வெளிய விடலை. கழிவு விடுறது நிக்க 1968 ஆச்சு. எனக்கு இதுல மனசு கனத்துப் போற இடம் குழந்தைங்கதான். தாய்க்கு ஒண்ணும் பெருசா இருக்காது, லேசா விரல் மரத்துப்போகும், இல்லைன்னா அதுவும் இல்லை, பொறந்த பிள்ளை தலை நிக்காம கை கால் முறுக்கிக்கிட்டு இருக்கும். அது வரைக்கும் டாக்டருங்க நஞ்சுக்கொடி விஷத்தை வடிகட்டிடும்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஹராடா மசாசுமின்னு ஒரு டாக்டர் இந்த பிள்ளைங்களை வருஷக்கணக்கா வீடு வீடா போய் பாத்தவர். ஜப்பான்லயும் நம்ம மாதிரி காய்ஞ்ச தொப்புள்கொடியை எடுத்து வெச்சுக்குற பழக்கம் உண்டு, நாம தாயத்துல போட்டு இடுப்புல கட்டுவோம், அவங்க சின்ன மரப்பெட்டியில வெப்பாங்க. அந்த பெட்டிங்களை கேட்டு வாங்கி டெஸ்ட் பண்ணினப்ப, எந்தெந்த வருஷம் பொறந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் போச்சுன்னு காய்ஞ்ச கொடியே சாட்சி சொல்லிச்சு. உங்க வீட்டுல யாரோட தாயத்தாவது இருந்தா அதை கையில வெச்சுக்கிட்டு அப்பாயிகிட்ட இந்த கதையை சொல்லிப் பாருங்க.

ஆனா மினமாட்டா ஆலைக்கழிவு நேரா கொட்டின இடம், நம்ம கோடியக்கரை கடலை அதோட ஒப்பிடுறது சரியில்லை. நமக்கு பொருந்துற மாதிரி ரெண்டு ஆராய்ச்சி இருக்கு. ஒண்ணு ஐரோப்பாவுக்கு வடமேக்கால ஃபாரோ தீவு. அங்க பைலட் திமிங்கலம் தின்பாங்க, அது சுறா மாதிரி உச்சிப்படி. 1986, 87ல பொறந்த ஆயிரத்துக்கு மேல குழந்தைங்களை தொடர்ந்து பாத்தாங்க, ஏழு வயசுல ஞாபகம், கவனம், பேச்சு இதுல எல்லாம், தாய் உடம்புல பாதரசம் கூட இருந்த பிள்ளைங்க கொஞ்சம் பின்தங்கி இருந்தாங்க, நோயாளி மாதிரி இல்லை, டெஸ்ட் வெச்சாத்தான் தெரியும். இன்னொண்ணு நம்ம இந்தியப் பெருங்கடல்லயே இருக்குற செஷல்ஸ். அங்க தாய்மாருங்க வாரத்துக்கு பன்னெண்டு வேளை மீன் சாப்பிடுறவங்க, சாதா கடல் மீன்தான், திமிங்கலம் கிடையாது. அந்த பிள்ளைங்ககிட்ட அந்த மாதிரி பின்னடைவு கிடைக்கலை. ஏன் ரெண்டும் வேற வேற முடிவுன்னு ரொம்ப வருஷம் சண்டை நடந்துச்சு, திமிங்கலத்துல பாதரசம் மொத்தமா ஒரே வேளையில போகுது, கூடவே வேற ரசாயனமும் இருக்கு, சாதா மீன்ல இருக்குற ஒமேகா கொழுப்பு மூளைக்கு குடுக்குற நல்லது கெட்டதை ஓரளவு ஈடு கட்டுதுன்னு பல காரணம் சொல்றாங்க. 2010ல எஃப்ஏஓ, உலக சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் கூட்டமும் பெரும்பாலான நேரம் கர்ப்பிணி மீன் சாப்பிடாம இருக்குறதை விட சாப்பிடுறதுதான் குழந்தை மூளைக்கு நல்லதுன்னு முடிச்சாங்க. மாப்பிள்ளைக்கு இந்த ஒரு பாராவை ஃபார்வர்டு பண்ணிடுங்க.

இனி நம்ம மார்க்கெட்டுக்கு வருவோம். மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, கிழங்கான், இறால், மடவை இதெல்லாம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை தாராளமா குடுங்க. கொளத்து கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி, அயிரை கவலையே இல்லை. விரால் மத்த மீனை தின்னுறது, அதனால ஒரு படி மேல நிக்கும், அரை கிலோ முக்கா கிலோ விராலா வாங்குங்க, பெரிய கிழட்டு விரால் வேணாம். ஆத்து வாளையும் அப்படித்தான், பெருசானா மீன் தின்னி. வஞ்சிரம் விஷயத்துல எல்லாருக்கும் கோவம் வரும், கல்யாண வீட்டு மீன் ஆச்சே. அமெரிக்காவுல கர்ப்பிணிக்கு வேணாம்னு ஒதுக்கின லிஸ்ட்ல கிங் மேக்கரல்னு ஒண்ணு இருக்கு, அது நம்ம வஞ்சிரத்தோட பங்காளி, மெக்சிகோ வளைகுடா பக்கத்துல பிடிக்கிறதுல சராசரி கிலோவுக்கு 0.73 மில்லிகிராம். பங்காளி வேற நாம வேறதான், ஆனா குணம் ஒண்ணு. பிள்ளை பொறக்குற வரைக்கும் பெரிய வஞ்சிரத்தை தள்ளி வெச்சுட்டு சின்ன வஞ்சிரம் எப்பவாவது ஒரு துண்டுன்னு நிறுத்திக்கலாம். சின்ன சூரை வாரத்துக்கு ஒரு தடவை போதும். மயில் மீன், கொம்பு மீன், பெரிய சீலா, சுறா இதெல்லாம் இப்ப வேணாம். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் எப்பவாவது சுறா சாப்பிடுறதுக்கு நான் குறுக்க நிக்கலை, பிள்ளை பெறுற வயசுல இருக்குற பொண்ணுங்களும் சின்ன பிள்ளைங்களும் மட்டும் வேணாம்.

மஞ்சத்தூள் கேட்டீங்க. மெத்தில் மெர்குரி தோல்லயும் கொழுப்புலயும் இருந்தா அலசலாம், சீவலாம். அது இருக்குறது சதையில, புரதத்தோட ஒட்டிக்கிட்டு. மஞ்சள், கல்லுப்பு, புளித்தண்ணி, எலுமிச்சை எதுக்கும் அசையாது, கொதிக்க வெச்சாலும் வறுத்தாலும் போகாது. வறுத்தா தண்ணி வத்துறதால அதே துண்டுல கிராம் கணக்குக்கு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கருவாடும் அதே கதை, மூணு கிலோ மீன் காய்ஞ்சு ஒரு கிலோ ஆனா மூணு கிலோவுல இருந்த பாதரசம் ஒரு கிலோவுக்குள்ள உக்காந்திருக்கும், அதனால நெத்திலி கருவாடு ஓகே, சுறா கருவாடு வேணாம். பாதரசத்தை உடம்புல இருந்து இழுத்து வெளிய தள்ளும்னு பொடி, டானிக் விக்கிறவனை வீட்டு வாசல் ஏத்தாதீங்க. உடம்பே அதை வெளியேத்தும், அம்பது நாளைக்கு ஒரு தடவை பாதியாகும், சுறாவை நிறுத்தினாலே பிரசவத்துக்குள்ள பெரும்பகுதி இறங்கிடும், அதுக்குத்தான் இன்னைக்கேன்னு சொன்னேன்.

பிள்ளை பொறந்த பிறகு பால் வழியா போகுமான்னா போகும், ஆனா வயித்துக்குள்ள போனதை விட ரொம்ப கம்மி. தாய்ப்பாலை நிறுத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சுறாவுல பால் ஊறுதுன்னு அப்பாயி சொல்றாங்களே, புட்டுல பூண்டு இருக்கு, நல்ல புரதம் இருக்கு, பெத்தவளை உக்கார வெச்சு சூடா பரிமாற ஒரு ஆள் இருக்காங்க, குழந்தையும் அடிக்கடி வாய் வெக்குது. இதெல்லாம் எந்த மீன்லயும் கிடைக்கும்.

நீங்க கேக்காத ஒண்ணை சொல்றேன், டெல்டாக்காரி ஆச்சே நானும், சொல்லாம இருக்க முடியலை. நெல்லு. தண்ணி கட்டி நிக்கிற வயலும் காத்து புகாத சேறுதான், அங்கயும் அந்த பாக்டீரியா இருக்கு. சீனாவுல குய்சோ மாகாணத்துல வான்ஷான்னு ஒரு ஊர், நூத்தாண்டு கணக்கா பாதரசம் தோண்டின இடம், அங்க ஜனங்களுக்கு மெத்தில் மெர்குரி மீன்ல இருந்து வரலை, சோத்துல இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. சுரங்கம் இல்லாத ஊர் அரிசியில அளவு ரொம்ப கம்மி, பயந்து இட்லிக்கு மாறாதீங்க, இட்லியும் அரிசிதான். ஆனா நம்ம விவசாயிங்க காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுறாங்களே, வயல் அப்பப்ப காயுறதால அந்த பாக்டீரியாவுக்கு கொண்டாட்டம் கம்மி, நெல்லுல மெத்தில் மெர்குரியும் குறையுதுன்னு வெளிநாட்டு வயல்கள்ல பாத்திருக்காங்க. தண்ணி பத்தாம செஞ்ச வேலைக்கு இப்படி ஒரு புண்ணியம்.

விதை நேர்த்தி மருந்தும் இதோட சம்பந்தப்பட்டது. கரும்பு கரணையை பாதரச மருந்துல முக்கி நட்ட காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த வகையில கடைசியா மிச்சம் இருந்த மருந்தை நம்ம அரசு 2018லதான் தடை பண்ணிச்சு. ஈராக்ல 1971ல மெத்தில் மெர்குரி பூசின விதைக் கோதுமையை இறக்குமதி பண்ணி குடுத்தாங்க, விதைக்கிற காலம் தாண்டி வந்து சேந்துச்சு, பசியில இருந்த ஜனம் சிவப்பு சாயத்தை கழுவிட்டு மாவாக்கி ரொட்டி சுட்டு தின்னுட்டாங்க. சாயம் போச்சு, விஷம் போகலை. ஆறாயிரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில, நானூத்தி அம்பதுக்கு மேல சாவு, ஆஸ்பத்திரி கணக்கு மட்டும். உங்க மஞ்சத்தூள் கேள்வியை படிச்சப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. பழைய மருந்து டப்பா எதுவும் பரண்ல கிடந்தா மீன் இருக்குற குளத்துல கழுவிடாதீங்க.

பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கணுமா? நீங்க எழுதினதை வெச்சு பாத்தா தேவையில்லை. தினமும் பெரிய மீன் தின்னுற வீடா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டு ரத்தத்துலயோ முடியிலயோ பாக்கலாம். முடி நல்ல டைரி, மாசம் ஒரு சென்டிமீட்டர் வளரும், ரத்தத்துல இருக்குறதை போல 250 மடங்கு முடியில சேரும், வேர்ல இருந்து அளந்து வெட்டினா எந்த மாசம் எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுடும். நான் படிக்கிற காலத்துல இந்த மெத்தட் பழக வீட்டுல எல்லார்கிட்டயும் முடி கேட்டேன், எங்க அம்மா தர மாட்டேன்னுட்டாங்க, தலைமுடியை யார் கையிலயாவது குடுப்பாங்களாடி, செய்வினை வெச்சுடுவாங்கன்னு. பெத்த பொண்ணு மேலயே நம்பிக்கை இல்லை. கடைசியில சலூன்ல போய் தரையில கூட்டி வெச்சதை வாங்கிட்டு வந்து, அது யாரோடதுன்னே தெரியாததால எதுக்கும் உதவாம போச்சு.

உள்ளங்கை ரசத்துக்கு வருவோம். அது நாப்பது வருஷம் முன்னாடி, உலோக பாதரசமும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பாதியாகுற சமாச்சாரம்தான், உங்க பொண்ணு உருவாகுறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருச்சு, அந்த பயத்தை விட்டுடுங்க. இப்ப வீட்ல தெர்மாமீட்டர் உடைஞ்சா மட்டும் விளக்குமாத்தால கூட்டாதீங்க, துளி துளியா செதறி ஆவி கூடத்தான் செய்யும். ஜன்னலை திறந்து விட்டு பொண்ணை வெளிய அனுப்பிட்டு அட்டையால உருட்டி எடுத்து பாட்டில்ல மூடி வைங்க.

கடல் இப்படியே கெட்டுப்போயிடுமோன்னு கேப்பீங்க. கனடாவுல ஒன்டாரியோ காட்டுக்குள்ள 658ம் நம்பர் ஏரின்னு ஒண்ணு, ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கினது. 2001ல இருந்து ஏழு வருஷம் அதுல அடையாளம் வெச்ச பாதரசத்தை வேணும்னே கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க, ரூபாய் நோட்டுல நம்பர் குறிச்சு வெக்கிற மாதிரி, எந்த பாதரசம் எங்க போகுதுன்னு பின்னாடியே போய் பாக்க. ஏரியில விழுந்தது சீக்கிரமாவே மீன்ல வந்துடுச்சு, விடுறதை நிறுத்தின பிறகு சில வருஷத்துலயே மீன்ல இறங்கவும் ஆரம்பிச்சுடுச்சு, சின்ன மீன்ல முதல்ல, பெரிய மீன்ல மெதுவா. 2021ல வெளிவந்த முடிவு இது. மேல புகையை குறைச்சா கீழ மீன் தேறும். மினமாட்டா பேர்லயே ஒரு உலக ஒப்பந்தம் 2017 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, நாமளும் 2018ல சேந்துட்டோம், கையெழுத்து போட்டதை செய்றாங்களான்னு பாக்குறது வேற கதை.

கடைசியா புட்டு. அப்பாயி மனசு கோணாம இருக்கணும்னா கிழங்கான் வாங்குங்க, மாப்பிள்ளை அனுப்புற வீடியோவுல அதோட பேரு வரவே வராது. மஞ்சள் போட்டு லேசா வேக வெச்சா முள்ளை விட்டு சதை தனியா வந்துடும், உதுத்து வெச்சுக்குங்க. நல்லெண்ணெய்ல ஒரு முழுப்பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, சதையை கொட்டி, மிளகும் சீரகமும் நுணுக்கி தூவி தீயை கம்மி பண்ணி பொலபொலன்னு வர்ற வரைக்கும் கிளறுங்க, சுறா அளவுக்கு நார் நாரா வராது, கொஞ்சம் மெதுவா இருக்கும். அப்பாயிகிட்ட சுறாபுட்டுதான்னு பொய் சொல்லி குடுத்துடலாம்னு நெனைக்காதீங்க, எண்பது வருஷ நாக்கு, முதல் வாய்லயே கண்டுபிடிச்சிடுவாங்க.